விறைப்பு

அம்மா லண்டனுக்கு வந்தது 2009 டிசம்பரில். வந்த இரண்டாம் நாள் காலை நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவர் குசினியில் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்து, கொக்கு மாதிரி நின்று தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். “நிலம் என்ன தம்பி ஐஸ் மாதிரிக் கிடக்கு? கால் விறைக்குது” என்றார். நான் சிரித்தேன். “சொக்ஸைப் போடுங்கோ அம்மா. பேந்து நிலத்துக்குச் சூடு போடுவம்” என்றேன்.

பேந்து என்றால் யாழ்ப்பாணத்தில் ‘பிறகு’. என் கணக்கில் அந்தப் பேந்து பதினைந்து வருடம்.

எங்கள் வீடு ஹரோவில், 1930களில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. குசினி மட்டும் பின்னாளில் பின்பக்கமாக நீட்டிக் கட்டியது. கொங்கிரீட் நிலம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. சுவர் முழுக்க அலுமாரி என்பதால் ரேடியேட்டர் பூட்ட இடமில்லை. “அடுப்புக்கு முன்னால நிண்டாலும் கால் மட்டும் வேற ஊரில நிக்குது” என்று அம்மா சொல்வார். செருப்புப் போடச் சொன்னால் கேட்கமாட்டார். “குசினிக்குள்ள செருப்போ?” என்பார். அதற்கு மேல் பேச முடியாது.

கரவெட்டியில் அவருடைய குசினி சாணி மெழுகிய நிலம். முப்பது வருடம் அங்கே குந்தியிருந்து விறகடுப்பு ஊதியவர். அங்கே நிலத்தின் குளிர்ச்சி ஒரு சுகம். மத்தியானச் சமையல் முடிந்ததும் சீமெந்து விறாந்தையில் பாய்கூட விரிக்காமல் படுப்பார். தமிழில் மனம் குளிரும், கண் குளிரும், வயிறு குளிரும். சூடு என்றால் கோபம், இல்லாவிட்டால் தண்டனை. அப்படியொரு மொழிக்குள் வளர்ந்தவரிடம் ‘நிலத்துக்குச் சூடு போடுவம்’ என்று நான் சொன்னது எப்படிக் கேட்டிருக்குமோ.

2024 ஒக்டோபரில்தான் அந்த வேலை நடந்தது. குசினியின் பரப்பு சுமார் 12 சதுர மீற்றர். அலுமாரிகளும் ஃபிரிட்ஜும் நிற்கும் இடத்துக்கு அடியில் வெப்பக் கம்பி போடக்கூடாது. மேலே வர வழியில்லாத வெப்பம் அங்கேயே தேங்கிக் கம்பியைக் கெடுத்துவிடும். அதைக் கழித்தால் கால் நடமாடும் இடம் 7 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 150 வாட் கணக்கில் மொத்தம் 1050 வாட். தண்ணி கொதிக்க வைக்கும் மின்கேத்தல் எடுக்கும் கரண்டில் மூன்றில் ஒரு பங்குதான். இடைவிடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், அன்றைய விலையில் 26 பென்ஸ் அளவு. இந்தக் கணக்கையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். “என்னத்துக்கு இப்பிடிக் காசைக் கொட்டுறாய்?” என்றார். உங்களுக்காகத்தான் என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

முதலில் கொங்கிரீட்டின் மேல் 10 மில்லிமீற்றர் தடிப்பில் காப்புப் பலகை ஒட்டவேண்டும். அது இல்லாவிட்டால் வெப்பத்தில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். நாங்கள் காசு கட்டி மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருப்போம். பலகைக்கு மேலே கம்பி வரும். வலையில் கோத்து, பாய் மாதிரிச் சுருட்டித் தருவார்கள். விரித்துக்கொண்டு போய்ச் சுவர் வந்ததும் வலையை மட்டும் கத்தரித்துத் திருப்ப வேண்டும். கம்பியில் கத்தரிக்கோல் படக்கூடாது. ஒரு கம்பி இன்னொன்றின் மேல் ஏறக்கூடாது. இரண்டு கம்பி ஓட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் குழாய்க்குள் நிலத்தின் வெப்பத்தை அளக்கும் உணரி இருக்கும். அதன் வயர் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டுக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேல் தானாக மட்டமாகும் சாந்தை ஊற்றி, அது இறுகியபின் டைல்ஸ் ஒட்டுவார்கள்.

பாய் விரிக்கும் வேலையை நானே செய்தேன். மின் இணைப்புக்கு மட்டும் தெரிந்த எலக்ட்ரீசியன் அண்ணை ஒருவர் வந்தார். கம்பியின் தடையை மூன்று தரம் அளக்க வேணும் என்றார். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒருதரம், விரித்தபின் ஒருதரம், டைல்ஸ் ஒட்டியபின் ஒருதரம். 230 வோல்ட்டுக்கு 1050 வாட் என்றால் தடை 50 ஓம் அளவில் வரவேண்டும். மூன்று தரமும் வந்தது. மூன்றையும் உத்தரவாத அட்டையில் எழுதி வைத்தார். “டைல்ஸ் ஒட்டினாப் பிறகு உள்ளுக்க என்ன நடந்தாலும் உமக்குத் தெரியாது தம்பி. மேல வடிவாத்தான் இருக்கும். அதாலதான் ஒவ்வொரு கட்டத்திலயும் கம்பியைக் கேட்டுப் பார்க்கிறது” என்றார். பசை நன்றாக இறுகக் குறைந்தது ஒரு வாரம் சூடு போடாமல் விடச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் இரண்டு நாள் குசினிக்குள் கால் வைக்கவே கூடாது. வீட்டில் சமையல் இல்லை என்பதால் அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு செயின்ட் ஆல்பன்ஸ் போனோம். ரோமர் காலத்தில் வெருலேமியம் என்ற நகரம் இருந்த இடம் அது. இன்று பூங்கா. அதற்குள் ஒரு சின்னக் கட்டடத்தில், பழைய ரோம வீடொன்றின் மொசைக் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1930களில் மோர்டிமர் வீலரும் அவருடைய மனைவி டெஸ்ஸா வெர்னி வீலரும் நடத்திய அகழ்வில் கிடைத்தது. அந்த நிலத்துக்கு அடியில் வெப்பம் ஓடுவதற்கான வழிகள் உண்டு. ஹைப்போகோஸ்ட் என்பார்கள். வெளியே ஒரு வாயிலில் விறகு எரிப்பார்கள். சூடான காற்றும் புகையும் நிலத்துக்கு அடியால் ஓடும்.

நான் அம்மாவுக்குப் பெருமையாக விளங்கப்படுத்தினேன். எங்கட குசினியிலயும் இதுதான், விறகுக்குப் பதிலாக் கரண்ட் என்றேன். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“அப்ப வெளியில நிண்டு விறகு தள்ளினது ஆர்?”

“அடிமைகள் அம்மா.”

“ம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அதுகளின்ர கால் எதில நிண்டது?” என்று கேட்டார்.

அதை அப்போது நான் ஒரு பகிடியாகத்தான் எடுத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கால் சோதனை. அவருக்கு நீரிழிவு வந்து இருபது வருடத்துக்கு மேல். நீரிழிவு உள்ளவர்களை இங்கே வருடத்துக்கு ஒருதரம் பாதச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். அதற்கு முந்திய இரண்டு வருடமும் திகதியை மாற்றி மாற்றி, கடைசியில் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டவன் நான். வேலை அதிகம் என்று சொல்லலாம். அதே காலத்தில் டைல்ஸின் நிறம் பார்க்க நான்கு கடை ஏறி இறங்கினேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

சோதனை மிக எளிமையானது. ஒரு நைலோன் இழை. தோலில் அழுத்தி வளையும்போது 10 கிராம் அழுத்தம் தரும்படி செய்தது. நேர்ஸ் அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். பாதத்தில் இழை படுவது தெரியும்போதெல்லாம் ‘ஓம்’ சொல்ல வேண்டும். நான் அதைத் தமிழில் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். நேர்ஸ் பெருவிரலின் அடியைத் தொட்டார். அம்மா பேசாமல் இருந்தார். அடுத்த இடம். பேசாமல் இருந்தார். அடுத்தது. அவருக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, “தொடுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா” என்றேன்.

“இன்னும் தொடங்கேல்லையே” என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

நேர்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். நீண்டகால நீரிழிவில் நரம்புகள் இப்படிப் பாதிக்கப்படும். முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. அதனால் வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது. ஹீற்றருக்குப் பக்கத்தில் காலை நீட்டக்கூடாது. குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்கவேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. தினமும் ஒருதரம் பாதத்தைப் பார்க்கவேண்டும், அவரால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் வேறு யாராவது. நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். வீட்டில் 7 சதுர மீற்றர் நிலம் சூடாவதற்குக் காத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். “எப்ப இருந்து அம்மா இப்பிடி?”

“நான் சொன்னனான்தானே. கால் விறைக்குது, விறைக்குது எண்டு எத்தினை தரம் சொல்லிப் போட்டன்.”

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் குளிரில் கை கால் மரத்துப்போவதும் விறைப்பு, உணர்ச்சியே இல்லாமல் போவதும் விறைப்பு. பல்லுப் பிடுங்க முன் போடுவது விறைப்பூசி. 2009இல் அம்மா சொன்னது குளிரை. இடையில் ஏதோ ஒரு வருடத்தில் அதே சொல் அவர் வாயில் மற்ற அர்த்தத்துக்குப் போய்விட்டது. என் காதில் அது முதல் அர்த்தத்திலேயே நின்றுவிட்டது. அவர் சொல்லும் ஒவ்வொரு தரமும் நான் தடித்த சொக்ஸ் வாங்கினேன். கம்பளி வாங்கினேன். கடைசியில் நிலத்தையே மாற்றினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் டொக்டரிடம் போனபோது அம்மா இதே சொல்லைச் சொன்னார். அங்கேயும் மொழிபெயர்ப்பாளன் நான்தான். ‘காலில் குளிர் கூடுதலாகத் தெரிகிறதாம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குளிர்காலம். டொக்டர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அம்மாவும் தலையாட்டினார், விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில்.

அன்றிரவு அந்தப் புது நிலத்தில் நின்றுகொண்டு யோசித்தேன். வேண்டிய நேரத்தில் செய்யாத உதவி, பெறுபவரால் இனி உணரவே முடியாத உதவி, அதுவும் உதவிதானா? அப்படியென்றால் யாருக்கு?

வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் உதவியை அளவால் நிறுக்கவில்லை. தேவையான நேரத்தில் செய்தது சிறிதானாலும் உலகத்தைவிடப் பெரிது என்கிறார். பள்ளிக்கூடத்தில் அதை நாங்கள் உதவி பெற்றவனின் பக்கத்திலிருந்து, ‘நன்றி மறக்காதே’ என்று படித்தோம். செய்பவனின் பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள், பயம் வரும். காலத்தோடு சேர்த்து நிறுத்தால்தான் அந்த எடை. காலத்தை எடுத்துவிட்டால் தராசில் என்ன மிஞ்சும்?

ரோமத் தத்துவவாதி செனெக்கா உதவியைப் பற்றியும் எழுதியிருக்கிறார், சூடான நிலத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 90ஆவது கடிதத்தில், குளியல் மண்டபங்களின் அடியில் வெப்பம் ஓடவிடும் அமைப்பையும் சுவருக்குள் குழாய் பதிப்பதையும் சொல்லி, இவையெல்லாம் ஞானிகள் கண்டவை அல்ல, கடைநிலை அடிமைகள் கண்டவை என்று ஒதுக்கிவிடுகிறார். அடிமைகளும் மனிதர்தான் என்று 47ஆவது கடிதத்தில் எழுதியவரும் இவரேதான். ஆனாலும் இந்த இடத்தில், அம்மா கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் வந்துவிட்டு, அதைக் கேட்காமல் திரும்பிப் போகிறார்.

உதவிகளைப் பற்றி அவர் எழுதிய நூலில் இரண்டு கருத்துகள் என்னைப் பிடித்துக்கொண்டன. தாமதித்துச் செய்தவன் அவ்வளவு காலமும் செய்ய மனமில்லாமல் இருந்தவன் என்பது ஒன்று. உதவி என்பது கொடுக்கும் பொருளில் இல்லை, கொடுப்பவரின் மனத்தில் இருக்கிறது என்பது மற்றது. முதலாவது என்னைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது விடுதலை செய்கிறது. அம்மாவுக்கு உணர முடியாவிட்டால் என்ன, என் மனம் நல்லதுதானே.

அந்த விடுதலையை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. என் மனம் பதினைந்து வருடமும் நல்லதாகத்தான் இருந்தது. டொக்டரின் அறையில் பிழையாக மொழிபெயர்த்தபோதும் நல்லதாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு ஒரு குறை, அதற்கு என்னிடம் தீர்வு இருக்கிறது என்ற சந்தோஷத்தில், குறை என்ன என்று நான் கேட்கவே இல்லை. ‘குளிருது’ என்பது காசால் தீர்க்கக்கூடிய குறை. ‘எனக்கு ஒண்டும் தெரியேல்லை’ என்பதைக் கடையில் கொண்டுபோய்த் தீர்க்க முடியாது. பக்கத்தில் இருக்கவேண்டும், தினமும் பார்க்கவேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தபோது, காசால் தீர்க்கக்கூடிய அர்த்தத்தை என் காது தெரிவுசெய்தது. அன்பில்லாமல் அது நடக்கவில்லை என்பதுதான் எனக்குத் திகிலாக இருக்கிறது.

இது லண்டனில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. ஊரில் தனியாக இருக்கும் அப்பா ‘பொழுதே போகமாட்டேங்குது’ என்றவுடன் பெரிய டிவி வாங்கி அனுப்பியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். டிவி நல்ல டிவியாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் இங்கிருந்து ‘வசதியெல்லாம் வீண், அன்பு போதும்’ என்ற இடத்துக்குப் போக எனக்கு விருப்பமில்லை. செனெக்கா 86ஆவது கடிதத்தில் பழைய தளபதி சிப்பியோவின் வீட்டுக்குப் போய், அவருடைய குறுகலான இருண்ட குளியலறையைப் பார்த்து உருகுகிறார். அந்தக் காலத்து மனிதர்களின் எளிமையைப் புகழ்கிறார். இந்தப் புகழ்ச்சியை நானும் செய்திருக்கிறேன். ‘எங்கட அம்மா சாணி மெழுகின நிலத்தில குந்தியிருந்து சமைச்சவ, அவவுக்கு இதெல்லாம் தேவையில்லை’ என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமைதான் பதினைந்து வருடத் தாமதத்துக்கு எனக்கு உதவியது. மற்றவர் பட்ட கஷ்டத்துக்குத் தத்துவம் சொல்வதும் அவரைக் கேட்காமல் இருப்பதன் இன்னொரு வழிதான். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சூடு உண்டாக்கியவரின் கால் குளிர்ந்த நிலத்தில் நின்றது. செயின்ட் ஆல்பன்ஸில் அம்மா கேட்டது அவருடைய சொந்தக் கேள்வி என்று எனக்கு உறைக்க மூன்று நாள் பிடித்தது. 2009இலேயே அவருக்கு அந்தச் சூடான நிலம் சேர்ந்திருக்க வேண்டும். அது கடன். நான் கட்டவில்லை. இனி அதே நாணயத்தில் கட்டவும் முடியாது.

நிலத்தைப் போடுவதா விடுவதா என்று ஒரு வாரம் இழுத்தேன். இந்த முறை கேட்டேன். எலக்ட்ரீசியன் அண்ணையைக் கேட்டேன். மனிதர் நடமாடும் இடத்தில் நிலத்தின் மேற்பரப்பு 29 பாகைக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பியத் தரம், தெர்மோஸ்டாட்டில் அதற்குக் கீழேயே எல்லையைப் பூட்டலாம் என்றார். 27இல் பூட்டினோம். நேர்ஸைக் கேட்டேன். செருப்போடு என்றால் பிரச்சினை இல்லை, ஒரே இடத்தில் காலை வைத்தபடி நெடுநேரம் இருக்க வேண்டாம் என்றார். கடைசியில் அம்மாவைக் கேட்டேன். “போட்டாச்சு, பிறகென்ன? பிள்ளையளின்ர காலுக்காவது சூடு பிடிக்கட்டும்” என்றார்.

வெறுங்காலுக்காகச் செய்த நிலத்தில் அம்மா மட்டும் செருப்போடு நடக்கவேண்டும். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு சோடி வாங்கி வந்து முன்னால் வைத்தேன். அம்மா இரண்டுக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்தார். கழுவி, மஞ்சள் தண்ணி தெளித்து, “இது குசினிச் செருப்பு. வாசலைத் தாண்டி ஒருத்தரும் கொண்டு போகக்கூடாது” என்று அறிவித்தார். முதல்நாள் சூடு போட்டபோது குனிந்து உள்ளங்கையை டைல்ஸில் வைத்தார். கைக்குத் தெரிந்தது. “நல்லாத்தான் செய்திருக்கிறாய்” என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது.

டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் காலை இறங்கி வந்தபோது குசினி நடுவில், நிலத்தில், ஒரு பெரிய சட்டி மூடியோடு இருந்தது. லண்டன் குளிரில் தோசைமா லேசில் புளிக்காது. இத்தனை வருடமும் அம்மா அதைக் கம்பளியால் சுற்றி, லைட்டைப் போட்ட அவனுக்குள் வைத்து, இரவில் எழும்பி எழும்பிப் பார்ப்பார். இப்போது மூடியைத் திறந்து காட்டினார். விளிம்புவரை பொங்கி நின்றது.

“காலுக்கு விளங்காட்டி என்ன, மாவுக்கு விளங்குது” என்றார்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. எடுக்கவில்லை. அவர் பேசியது மாவைப் பற்றி. ஒரு சொல்லை எனக்கு வசதியான பக்கமாகத் திருப்பிக் கேட்டுப் பழகிய காது இது. கொஞ்சக் காலத்துக்காவது சொன்னதைச் சொன்னபடி கேட்டுப் பழகவேண்டும்.

இரவு சாப்பாடு முடிந்ததும் அம்மா குசினிக் கதிரையில் இருந்து செருப்பைக் கழற்றுவார். நான் நிலத்தில் முழங்காலில் நின்று, டோர்ச் அடித்து, குதி, பாதத்தின் அடி, விரலிடுக்கு என்று பார்ப்பேன். இரண்டு நிமிட வேலை. இவ்வளவு காலமும் அம்மாவின் பாதத்தை நான் பார்த்ததில்லை. வலது காலின் மேற்பக்கத்தில் காசளவு பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. தணல் விழுந்ததாம், நான் பிறக்க முந்தி. நிலத்தின் சூடு என் முழங்காலில் மெல்ல ஏறும்.

“முடிஞ்சுதே?” என்று கேட்பார்.

“மற்றக் காலையும் காட்டுங்கோ” என்பேன்.